பாதுகாப்பில் சிறந்த நிலையம்

தீயணைப்புக்காரர்கள் தீயைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பயந்து நடுங்கிய ஒரு காலம் அந்த நிலையத்துக்கு வந்தது. எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தப்பு அந்த மின்சாரக் காரின் மேல் இல்லை. பாவம், அது முகம் நசுங்கி வாயில்லாப் பூச்சியாக நின்றது. மற்றதையெல்லாம் மனிதர்களே பார்த்துக்கொண்டார்கள்.

நிலையத்தில் தண்ணீர் வண்டி ஓட்டுகிறவனை எல்லோரும் கியர் என்றுதான் கூப்பிடுவார்கள். தூக்கத்தில் அவன் இடது கை தானாகக் கியர் மாற்றும் என்று அவன் மனைவி ஒருமுறை தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். அந்தத் தம்பி அதே நிலையத்தில் தண்ணீர்க் குழாய் பிடிக்கிற வேலையில் இருந்தான். மறுநாள் காலை டீ வருவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. பதிலுக்கு கியர் மச்சினனுக்குக் குழாய் என்று பெயர் வைத்தான். அத்தோடு கணக்கு தீர்ந்தது.

கியர் வம்பு தும்புக்குப் போகாதவன். மேலிருந்து ஒரு உத்தரவு வந்தால் அதில் ஏதோ அர்த்தம் இருக்கும், தன் மண்டைக்குத்தான் எட்டவில்லை என்று நினைக்கிற ரகம். அந்த நினைப்பில்தான் அவன் இத்தனை வருடமும் நிம்மதியாகத் தூங்கினான், தூக்கத்தில் கியரும் போட்டான்.

ஒரு மத்தியானம், நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மின்சாரக் கார் சாலை நடுவிலிருந்த தடுப்புச் சுவரில் போய் முட்டியது. உள்ளே இருந்த கணவனும் மனைவியும் ஆளுக்கு ஒரு பக்கமாக இறங்கி, யார் மேல் தப்பு என்று ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டிருந்த சண்டையைத் தொடர்ந்தார்கள். ஆளுக்குச் சேதமில்லை. ஆனால் காரின் அடிப்பக்கம், பேட்டரி இருக்கிற இடம், நன்றாக உள்வாங்கியிருந்தது.

வேறு கார் என்றால் குழாய் நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்திருப்பான். ஆனால் தலைமையகத்திலிருந்து அப்போதுதான் ஒரு கையேடு வந்து இறங்கியிருந்தது. சேதமடைந்த மின்வாகனங்களைக் கையாளும் மீட்புப் பணியாளர்களின் பாதுகாப்புக்கான கையேடு. தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு கனம். அதில் இருந்தது எதுவும் பொய்யில்லை. அடிபட்ட பேட்டரி அப்போது சாதுவாக இருந்துவிட்டு, மணிக்கணக்கு கழித்தோ நாள்கணக்கு கழித்தோ திடீரென்று பற்றிக்கொள்ளும். அந்தப் புகை நுரையீரலைத் தின்றுவிடும். ஆரஞ்சு நிற வயர் கண்ணில் பட்டால் தொடக்கூடாது. ஆகவே அப்படிப்பட்ட வண்டியைத் திறந்தவெளியில், சுற்றிலும் பதினைந்து மீட்டருக்கு எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்திக் கண்காணிக்க வேண்டும். இந்த வரிகளை எழுதியவர் தீயை நேரில் பார்த்தவர். சந்தேகமே இல்லை. வம்பு என்னவென்றால், அதைப் படித்தவர்கள் வேறு ஆட்கள்.

நிலைய அதிகாரி நடுரோட்டில் நின்றபடி, எதையும் தொடாதே என்று சொல்லும் பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், விபத்து வண்டிகளை இழுத்துப்போகும் லாரிக்காரர் காரைக் கொக்கி மாட்டித் தூக்கி மேலே வைத்துவிட்டார்.

“என் யார்டுல விட மாட்டேன் சார்,” என்றார் லாரிக்காரர். “அங்க வண்டிக்கு வண்டி ஒரு கை இடம்கூடக் கிடையாது. இது பத்திக்கிச்சுன்னா நான் தெருவுக்கு வந்துடுவேன். நீங்கதான தீயணைப்பு? உங்க இடத்துலயே வெச்சுக்கங்க.”

அதிகாரிக்கு இதில் ஒரு நியாயம் தெரிந்தது. கார் நிலையத்துக்கு வந்தது.

அதிகாரி அளவு நாடாவை எடுத்தார். சுற்றுச்சுவரிலிருந்து பதினைந்து மீட்டர். அலுவலக அறையிலிருந்து பதினைந்து மீட்டர். அறிவிப்புப் பலகையிலிருந்து பதினைந்து மீட்டர். தன் சொந்தக் காரிலிருந்து ஒரு மீட்டர் கூடவே. நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கியர் முற்றமெங்கும் ஓடினான். கடைசியில் எல்லா அளவும் பொருந்துகிற ஒரே ஒரு இடம் கிடைத்தது. லாரிக்காரர் காரை அங்கே இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார்.

குழாய் மஞ்சள் பெயிண்டில் வட்டம் போட்டான். முற்றத்தில் அழகாக வளைந்து போன கோடு, தண்ணீர் வண்டி நிற்கும் ஷெட்டுக்குள் புகுந்து, வண்டியின் முன்சக்கரங்களைச் சுற்றிக்கொண்டு, ஓட்டுநர் கதவுக்குப் பின்னால் திரும்பி வெளியே வந்தது. பெயிண்ட் டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு குழாய், வண்டியையும் பார்த்தான், மாமாவையும் பார்த்தான்.

“சார்,” என்றான் கியர். “நம்ம வண்டிய அளக்கல போல இருக்கே.”

“கையேடு என்ன சொல்லுது? நிறுத்தப்பட்டிருக்கும் வாகனங்களிலிருந்து பதினஞ்சு மீட்டர். நம்ம வண்டி நிறுத்தப்பட்ட வண்டியாய்யா? அது எப்பவும் தயார் நிலையில இருக்கிற வண்டி.”

“இல்ல சார், என் கதவு கோட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு.”

“பின்பக்கம் வெளியதான இருக்கு?”

“பின்பக்கமா உக்காந்து ஓட்ட முடியாதே சார்.”

அதிகாரி அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனுடைய ஓட்டுநர் உரிமத்தின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது. தலைமையகத்துக்கு எழுதிக் கேட்பதாகச் சொன்னார். கேட்கவும் செய்தார்.

பதில் சீக்கிரமே வந்தது. வட்டத்துக்குள், பயிற்சி பெற்றவர்கள் மட்டும், மின்காப்புக் கையுறை அணிந்து நுழையலாம். துறை முழுவதற்கும் அந்தக் கையுறை ஒரே ஒரு ஜோடிதான். அது தலைமையகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. முறையாகச் சோதித்து, ஓட்டை ஒடிசல் இல்லை என்று முத்திரை வைத்திருந்தார்கள். முத்திரையை உடைத்தால் சோதனை செல்லாது. சோதனை செல்லாத கையுறையை யாரும் அணியக் கூடாது. ஆகவே அதன் பாதுகாப்பு பரிபூரணமாக இருந்தது.

பயிற்சியும் ஏற்பாடு செய்யத் தயார் என்றார்கள். ஆனால் பயிற்சிக்கு, உண்மையிலேயே அடிபட்ட மின்சாரக் கார் ஒன்று வேண்டும். உங்களிடம் இருப்பதை அனுப்பிவையுங்கள். பயிற்சி பெற்றவர்களை வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

லாரிக்காரரைத் திரும்பக் கூப்பிடலாமே என்று கேட்டான் கியர். ரோட்டில் கிடந்தபோது அது விபத்து வண்டி, முற்றத்துக்குள் வந்தபின் துறையின் காவலில் உள்ள வண்டி, வெளியாள் கை வைக்கக் கூடாது என்றார் அதிகாரி. கியர் தலையைச் சொறிந்தான். ஏதோ அர்த்தம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். முதல் தடவையாக அந்த நினைப்பு அவனைத் தூங்க விடவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவன் மனைவி பின்தெருவில் ஒரு குழந்தைகள் காப்பகம் நடத்திவந்தாள். வேலைக்குப் போகிற அம்மா அப்பாக்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் அள்ளிக்கொண்டு போகிற இடம். முதல் மாடி. ஒரே ஒரு மரப்படிக்கட்டு. கீழே ஒரு மெத்தைக் கடை. கட்டிடத்தைப் பார்த்தபோதே கியர் முகத்தைச் சுளித்தான். ஆனால் வாடகை குறைவு. “தீயணைப்பு நிலையம் கூப்பிடு தூரத்துல இருக்கு, நீங்களும் அங்கதான் இருக்கீங்க, அப்புறம் என்ன பயம்?” என்று அவள் கேட்டபோது அவன் தலையாட்டிவிட்டான். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

இப்போது அவள் வேறு மாதிரி கேட்டாள்.

“ஏங்க, அந்த வண்டி வெளிய வராதுன்றாங்களே, நெஜமா?”

“தற்காலிகமாத்தான்.”

“எங்க கீழ மெத்தைக் கடையில ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஆத்துக்கு அந்தப் பக்கத்து நிலையத்துலருந்து வருவாங்க.”

“அவங்க பாலம் தாண்டி, அந்த நெரிசல்ல நீந்தி வர்றதுக்குள்ள நான் புள்ளைங்கள ஜன்னல் வழியா தூக்கிப் போடணுமா?”

மறுநாள் கியர் அதிகாரியிடம் போய், தன் வாழ்க்கையிலேயே நீளமான கோரிக்கையை வைத்தான். சார், பின்தெருவுல காப்பகம் இருக்கு சார், கீழ பஞ்சும் நுரையுமா மெத்தைக் கடை சார், நம்ம வண்டிய மட்டும் வெளிய எடுத்து ரோட்டுல நிறுத்திக்கலாம் சார். கதவு வரைக்கும் நாலு எட்டுதான். நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்.

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. “உன் உயிர் எனக்கு முக்கியம்,” என்றார். “நாலு எட்டுக்குள்ள உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

இதற்கிடையில் கார் பிரபலமாகிவிட்டது. அந்த வட்டாரத்திலேயே அடிபட்ட மின்சாரக் கார் வைத்திருக்கிற ஒரே நிலையம் இதுதான் என்பதால், மற்ற நிலையங்களிலிருந்து பார்வையிட ஆட்கள் வந்தார்கள். கோட்டுக்கு வெளியே நின்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். கார் ஒன்றும் செய்யவில்லை. அது ஒன்றும் செய்யாமல் இருப்பதே அதன் சூழ்ச்சி என்று அதிகாரி அவர்களுக்கு விளக்கினார்.

ஒரு நாள் இயக்குநரே வந்தார். துறையின் தலை. நெட்டையான மனிதர், பேச ஆரம்பிப்பதற்கு முன்பே தொண்டையைச் செருமிக் கூட்டத்தை அமைதியாக்கிவிடுவார், கூட்டம் இல்லாவிட்டாலும். கோட்டின் மேல் பூட்ஸ் நுனியை வைத்துக் காரை உற்றுப் பார்த்தார். பிறகு தன் பூட்ஸைப் பார்த்தார்.

“பதினஞ்சு மீட்டர்ங்கிறது யாருக்கு?” என்று கேட்டார்.

“பணியாளர்களுக்கு சார்,” என்றார் அதிகாரி.

“அதிகாரிகள் வர்றப்போ?”

அன்று மாலையே வட்டம் முப்பது மீட்டராகியது. குழாய் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதுக் கோடு போட்டான். சுவரில் ஏறி இறங்கி, நடைபாதைக்குப் போய், ரோட்டின் ஓரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது கோடு. அலுவலக அறை உள்ளே போனது. கழிப்பறை உள்ளே போனது. அதிகாரியின் சொந்தக் காரும் உள்ளே போனது, ஆனால் அதை அவர் பெயிண்ட் காய்வதற்கு முன்பே வெளியே எடுத்துவிட்டார்.

நிலையம் எதிர்ப்புறத்து பஸ் நிறுத்தத்துக்குக் குடிபெயர்ந்தது. நிழற்குடையின் பெஞ்சில் வரிசையாகத் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்து நிற்கும், ஏறப்போகிறார்கள் என்று ஓட்டுநர் காத்திருப்பார், கியர் கையசைத்து அனுப்பிவைப்பான். அவசர அழைப்புத் தொலைபேசி அலுவலக மேசையில் இருந்தது. அது அவ்வப்போது அடிக்கும். எல்லோரும் தலையைத் திருப்பி, அது அடித்து ஓய்கிற வரைக்கும் மரியாதையாகக் கேட்பார்கள். அது அடிக்கும்போதெல்லாம் கியர் எழுந்து நிற்பான். மெத்தைக் கடை இருக்கும் பக்கமாகத் திரும்பி வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பான்.

மாத அறிக்கையில் அதிகாரி மனசாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதினார்: பதிலளிக்கப்பட்ட அழைப்புகள், இல்லை. காயமடைந்த பணியாளர்கள், இல்லை.

முதல் வரியைத் தலைமையகத்தில் யாரும் படிக்கவில்லை. இரண்டாவது வரியைப் படித்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். துறையின் வரலாற்றில் இப்படி ஒரு நிலையம் இருந்ததில்லை. ஒரு தீக்காயம் கிடையாது, ஒரு மூச்சுத்திணறல் கிடையாது, சுளுக்குகூடக் கிடையாது. பாதுகாப்பில் சிறந்த நிலையம் என்று கேடயம் கொடுப்பதாக முடிவாயிற்று.

விழா ஒரு காலை நேரத்தில், ரோட்டில், வட்டத்துக்கு வெளியே மேடை போட்டு நடந்தது. கேடயம் பளபளவென்று இருந்தது. கியரும் குழாயும் மற்றவர்களும் சலவைச் சட்டையோடு முதல் வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே! தீயணைப்பு வீரர் என்றால் தீக்குள் பாய்கிறவர் என்ற பிற்போக்கான எண்ணம் இன்னமும் மக்களிடம் இருக்கிறது. நம்மில் சிலரிடமும் இருக்கிறது, வருத்தத்தோடு சொல்கிறேன். கடந்த பல ஆண்டுகளில் காயமடைந்த நம் வீரர்களின் விவரங்களை நான் ஆராய்ந்தேன். அவர்களில் பெரும்பாலோர் தீ எரிந்துகொண்டிருந்த இடத்துக்குச் சென்றவர்கள்! இது தற்செயலா? இல்லை. தீக்கும் காயத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்று நமது துறை இன்று அறிவியல்பூர்வமாக நிறுவியிருக்கிறது.”

அதிகாரி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

“இந்த நிலையத்தைப் பாருங்கள். இங்கே ஆபத்து வந்தது. முற்றத்தின் நடுவிலேயே வந்து நின்றது. நம் வீரர்கள் அஞ்சினார்களா? முறைப்படி அஞ்சினார்கள்! ஒழுங்காக, வரிசையாக, கோட்டுக்கு வெளியே நின்று அஞ்சினார்கள். தங்கள் வண்டியைக்கூடத் துறந்தார்கள். எல்லா நிலையங்களும் இப்படியே ஆகிவிட்டால், நம் துறையில் காயம் என்ற சொல்லே இருக்காது. அந்தப் பொன்னாள்...”

பொன்னாளை முடிக்க விடாமல் தெருமுனையிலிருந்து மெத்தைக் கடைக்காரர் ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. சட்டையெல்லாம் கரி. மேடையைப் பார்த்தார், இயக்குநரைப் பார்த்தார், யாரிடம் சொல்வது என்று தெரியாமல் முதல் வரிசையில் கியரைக் கண்டுபிடித்தார்.

“அண்ணே! கடை பத்திக்கிச்சு! படிக்கட்டும் பிடிச்சிடுச்சு! மாடியில புள்ளைங்க... உங்க வீட்டம்மா...” அதற்கு மேல் அவருக்கு மூச்சு வரவில்லை.

“அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க,” என்றார் இயக்குநர். “பதற்றம்தான் முதல் எதிரி.”

அதிகாரி கையேட்டைத் திறந்துவிட்டார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். “ஆத்துக்கு அந்தப் பக்கம் போன் பண்ணுங்கய்யா,” என்றார். “பதறாதீங்க. அவங்க வருவாங்க.”

கியர் எழுந்து நின்றான். பின்தெருக் கூரைகளுக்கு மேலே கறுப்பாக, தடியாகப் புகை எழும்பியிருந்தது. அவனுக்கு அந்தப் புகையைத் தெரியும். நுரை மெத்தை எரிகிற புகை. அது மாடிக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அவன் நடந்தான். ஓடவில்லை, கால் ஓட வரவில்லை. மஞ்சள் கோட்டுக்கு வந்ததும் அவன் பூட்ஸ் தானாக நின்றது. இத்தனை நாளும் நின்று பழகிய இடம்.

காரைப் பார்த்தான். அது எரியலாம். இந்த நிமிஷமே எரியலாம், அதில் பொய்யில்லை. அவனுக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

“மாமா,” என்றான் பின்னால் குழாய். “அக்கா மேல இருக்கா.”

கியர் கோட்டைத் தாண்டினான். காருக்கு இடம்விட்டுச் சுவர் ஓரமாக ஒதுங்கிப் போய், ஷெட்டுக்குள் நுழைந்து கதவைத் திறந்து ஏறினான். இத்தனை நாள் சும்மா நின்ற வண்டி இருமியது, மறுபடி இருமியது, பிறகு கோபத்தோடு உறுமியது. குழாய் மறுபக்கம் ஏறினான். மற்றவர்கள் கேடயத்தையும் கோட்டையும் ஒரு கணம் பார்த்தார்கள். அப்புறம் சலவைச் சட்டையோடு ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டார்கள். வண்டி முற்றத்தில் வளைந்து காரைத் தாண்டி வெளியே வந்தது. வழி முன்பும் இருந்தது. கோட்டைத் தவிர எதுவும் அதை மறித்திருக்கவில்லை. இதை நினைத்தபோது கியருக்குத் தன் மேலேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது, ஸ்டீயரிங்கை ஓங்கி ஒரு குத்து குத்தினான்.

ஒலிபெருக்கியில் இயக்குநரின் குரல் கேட்டது: “அந்தப் பொன்னாள் வெகு தொலைவில் இல்லை.”

பின்தெருவில் கடையின் முகப்பு முழுக்க நெருப்பு. மாடி ஜன்னலில் அவன் மனைவி நின்றிருந்தாள். ஈரத் துண்டை மூக்கில் கட்டியிருந்தாள். குழந்தைகளையும் அப்படியே கட்டி, தரையோடு தரையாக உட்கார வைத்திருந்தாள். குழாய் தண்ணீரைப் பாய்ச்சினான். கியர் ஏணியைச் சாய்த்து ஏறினான். ஓட்டுநருக்கு ஏணி ஏறுகிற வேலை கிடையாது. ஆனால் அன்று யாரும் அதை நினைவுபடுத்தவில்லை.

“முதல்ல இவள,” என்று அவள் ஒரு சின்னப் பெண்ணை நீட்டினாள். “கடிப்பா, பாத்துக்கங்க.”

அந்தப் பெண் கடிக்கத்தான் செய்தாள். ஒவ்வொன்றாகக் கைமாறிக் கீழே போனார்கள். கடைசியில் அவள் உள்ளே திரும்பிப் போய் எல்லா மூலையையும் தடவிப் பார்த்துவிட்டு வந்து, தானும் இறங்கினாள். ஜன்னலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே இருந்ததில் கியரின் இடது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. தரைக்கு வந்த பிறகுதான் அவனுக்கு வலித்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், நடுத்தெருவில், எல்லோர் முன்னாலும், அழுதாள். அவனும் அழுதான். ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்த வண்டி தெருமுனையில் திரும்பியபோது குழாய் மிச்சத் தணலுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

நிலையத்துக்குத் திரும்பியபோது கேடயம் கொடுத்து முடிந்திருந்தது. அதிகாரி அதை மார்போடு அணைத்துக்கொண்டு கோட்டின் ஓரத்தில் நின்றார்.

“உள்ள விடாதே!” என்று கத்தினார். “வெளிய போனது ஒரு தப்பு. உள்ள வந்தா ரெண்டு தப்பு.”

ஆகவே தண்ணீர் வண்டி ரோட்டிலேயே, பஸ் நிறுத்தத்தை ஒட்டி நின்றது.

விசாரணை தலைமையகத்தில் நடந்தது. இயக்குநரே விசாரித்தார். சுவர் ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை இருந்தது. அதன் எதிரே, கையில் பெரிய கட்டோடு கியர் நின்றான். அதிகாரி ஒரு நாற்காலியில், எழுத்தர் ஒரு மூலையில்.

“கோட்டைத் தாண்டும்போது, அந்தக் கார் தீப்பிடிக்கலாம்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சும் ஏன் போனீங்க?”

“இங்க நின்னது தீப்பிடிக்கலாம்னு ஒரு கார் சார். அங்க இருந்தது தீப்பிடிச்ச வீடு.”

இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். “காரணம் எதுவும் சொல்லலன்னு எழுதிக்கய்யா,” என்றார் எழுத்தரிடம்.

தண்டனை என்ன என்று பேச்சு வந்தபோது அதிகாரி எழுந்துபோய் இயக்குநரின் காதில் ஏதோ ஓதினார். இயக்குநரின் முகம் மெல்ல மெல்ல மாறியது. கியரைத் தண்டிக்க வேண்டுமென்றால் வண்டி வட்டத்தைத் தாண்டியது என்று எழுத வேண்டும். தாண்டியது என்றால், கேடயம் கொடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் விதி மீறப்பட்டிருக்கிறது. ஒரு பணியாளருக்குத் தீக்காயமும் ஆகியிருக்கிறது. கேடயம் செல்லாது. பேச்சும் செல்லாது. பேச்சோ மேலிடத்துக்குப் போய்ப் பாராட்டும் வந்துவிட்டது.

இயக்குநர் ஒரு தம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

“அன்னிக்கு வண்டி போகல,” என்றார்.

“போச்சு சார்,” என்றான் கியர். “நான்தான் ஓட்டினேன்.”

“உணர்ச்சிவசப்படாதீங்க.”

“அப்ப தீ, சார்?”

“தானா அணைஞ்சது. சில தீ அப்படித்தான்.”

“இந்தக் கை?”

“வீட்ல சமைக்கும்போது சுட்டுக்கிட்டீங்க.”

“எனக்குச் சமைக்கத் தெரியாது சார்.”

“அதனாலதான் சுட்டுக்கிட்டீங்க.”

எழுத்தர் எழுதி முடித்துத் தாளை நீட்டினார். கியருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அந்தக் கடிக்கிற பெண்ணை நினைத்தான், ஏணியை நினைத்தான். கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான், வாழ்க்கையில் முதல் தடவையாக, மேலிருந்து வந்த ஒன்றின் அர்த்தம் அவன் மண்டைக்கு எட்டியது. அவர்களுக்கே எட்டாத அர்த்தம்.

“சார், ஒரு சந்தேகம். நம்ம வண்டி இப்ப எங்க இருக்கு?”

“ஷெட்டுல. எப்பவும் இருக்கிற இடத்துல.”

“ரோட்டுல, பஸ் நிறுத்தத்துக்கிட்ட ஒரு வண்டி நிக்குதே சார்?”

“ரோட்டுல எந்த வண்டியும் நிக்கல.”

“அப்ப அதை உள்ள கொண்டுபோய் விடச் சொல்லி யாரும் உத்தரவு போட மாட்டீங்கல்ல?”

“ஏன்யா, உள்ள இருக்கிற வண்டிய எப்படிய்யா உள்ள விடச் சொல்றது?” என்றார் இயக்குநர் எரிச்சலாக.

கியர் பேனாவை வாங்கி, நல்ல கையால், நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டான்.

பொதுமக்கள் தரப்பு சாட்சியாக அவன் மனைவியைக் கூப்பிட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் உள்ளே வந்து புருஷன் பக்கத்தில் நின்றாள். எழுத்தர் படித்துக் காட்டினார். தீ விபத்தன்று தீயணைப்பு வண்டி காப்பகத்துக்கு வரவில்லை. அவள் முகம் சிவந்தது. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் சொருகினாள். கியருக்கு அந்த அடையாளம் நன்றாகத் தெரியும், வீட்டில் பலமுறை பார்த்திருக்கிறான்.

“கையெழுத்துப் போட்டுட்டேன்,” என்றான் அவசரமாக. “வண்டி ஷெட்டுக்குள்ளயே இருக்காம். அதனால இனிமே அதை யாரும் ஷெட்டுக்குள்ள விடச் சொல்ல மாட்டாங்களாம்.”

அவள் அவனைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் சொருகிய தலைப்பை எடுத்துவிட்டாள்.

“என்னம்மா, வண்டி வரலங்கிறதை ஒத்துக்கறீங்களா?” என்றார் இயக்குநர்.

“ஒத்துக்கறேன் சார். வண்டி வரல. அடுத்த தடவையும் இதே மாதிரி வராம இருக்கணும். இவரையே ஓட்டிட்டு வராம இருக்கச் சொல்லுங்க, என் தம்பியையும் கூட வராம இருக்கச் சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணுதான் சார் கேட்டுக்கறேன். இந்தத் தடவை கொஞ்சம் லேட்டாயிடுச்சு. இனிமே சீக்கிரமா வராம இருக்கணும்.”

இயக்குநர் பரம திருப்தியோடு எழுத்தரைப் பார்த்தார். பொதுமக்கள் நிலையத்தின் செயல்பாட்டில் முழு நிறைவு தெரிவித்தனர், அதை மேலும் விரைவுபடுத்தும்படி கேட்டுக்கொண்டனர் என்று எழுதச் சொன்னார். கோரிக்கை ஏற்கப்பட்டது என்று கீழே தன் கையாலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.